நியூட்ரல்

ரிச்சி தெருவில் மதியம் ஒன்றரை.
கன்னியப்பன் கடைக் கவுண்டரில் ஆறு முழங்கைகள்.
ஒன்று என்னுடையது,
பத்து ஆம்ப் ஃபியூஸுக்காக.

வியாசர்பாடிப் பையன் ஒருவன் கேட்டான்:
செகண்ட் ஹேண்ட் வாஷிங் மெஷின்,
தொட்டா சுர்ருங்குது,
வாடகை வீடு, எர்த் கிடையாது, என்னண்ணே பண்றது?

மல்டிமீட்டரிலிருந்து தலை தூக்காமல்
கன்னியப்பன் சொன்னார்:
"சாக்கெட்லயே எர்த்தையும் நியூட்ரலையும்
துண்டு ஒயர்ல சேர்த்துடு. தீர்ந்துது."

மற்ற முழங்கைகள் ஆமோதித்தன.
முப்பது வருடக் கடை.
பையன் ஒயருக்கு விலை கேட்டுவிட்டான். ஏழு ரூபாய்.

நான் எல்லாவற்றையும் திருத்துகிறவள் இல்லை.
"வோல்ட்டேஜ் ஓடுது" என்பவர்களைத்
தினமும் விட்டுவிடுகிறேன்.
ஓடினால் ஓடட்டும்.
ஆனால் இது,
ஒரு மழை ராத்திரி கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால்
மெஷின் உடம்பு முழுக்க ஃபேஸ்.
அந்த வீட்டில் துவைப்பது யாரென்று எனக்குத் தெரியாது.
ஈரக் கை என்பது மட்டும் தெரியும்.

முன்பு வேலை பார்த்த யு.பி.எஸ். கம்பெனியில்
தேவசகாயம் சாரை
கஸ்டமர் எதிரிலேயே திருத்தினேன்.
நான் சொன்னது சரி.
அதற்குப் பிறகு அவர் அதே தப்பை
இன்னும் சத்தமாகச் செய்தார்.

எனவே இந்த முறை:
"அண்ணே, ஒரு டவுட்டு.
வெளியில நியூட்ரல் கட்டாச்சுன்னா
இதுல என்னண்ணே ஆவும்?"

விடை தெரிந்த கேள்வி.
அதுவும் ஒரு வகைப் பொய்தான்.
அவருக்கும் அது தெரிந்தது.
மீட்டரைக் கீழே வைத்தார்.
பேரிங் போன ஃபேன்
நாலைந்து சுற்று சுற்றியது.

"தம்பி, அந்த ஒயரக் குடு இப்படி.
நான் சொன்னது தப்பு.
அறுந்தா பாடில கரன்ட் வரும்.
ஓனர்ட்ட சொல்லி எர்த் அடி,
அதுவரைக்கும் மெஷின போடாத.
ஆர்.சி.சி.பி. ஒண்ணும் மாட்டிடு."

"அது எவ்ளோண்ணே?"
"ஆயிரத்து எண்ணூறு."

பையன் முகம் சுருங்கியது.
யோசிச்சுட்டு வரேன் என்று இறங்கினான்.
தெருமுனை வரை பார்த்தேன்.
அந்த முனைக்குள்ளேயே
இன்னும் நாற்பது கடைகள்,
எல்லாவற்றிலும் துண்டு ஒயர் உண்டு.

கன்னியப்பன் ஒன்றும் பேசவில்லை.
ஒவ்வொருவராய்ப் பில் போட்டு அனுப்பினார்.
முதலில் வந்த எனக்கு மட்டும் கடைசி.
கோபம் என்று நினைத்தேன்.

கவுண்டரில் என் முழங்கை மட்டும் இருந்தபோது
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"பழைய ஃபியூஸ் எவ்ளோம்மா?"
"அஞ்சு. அடிக்கடி போவுதுண்ணே, அதான் பத்து."

"பத்து போட்டா ஃபியூஸ் போவாது.
மத்ததுதான் போவும்."

அஞ்சு ஆம்ப் இரண்டைக்
காகிதத்தில் மடித்துத் தந்தார்.
மடிப்பதிலேயே கண்ணாக இருந்தார்,
என் முகத்தைப் பார்க்காமல்.