சாய்ந்து நடப்பவன்

கரடிப்போக்குச் சந்தியில்
ஜெனிற்றனின் கடைக்கு அப்போது பெயர்ப்பலகை இல்லை.
மணித்தியாலம் அறுபது ரூபாய்.
கொன்ரோலர் இரண்டு.
ஒன்றின் இடது குமிழ் தேய்ந்து
யாரும் தொடாமலே இடப்பக்கம் இழுக்கும்.

அதனால்தான் எங்கள் ஓரன்,
நிலாச் சுரங்கத்தின் கடைசிப் பொறியியலாளன்,
ஒற்றைச் செருப்பு அறுந்தவன்போல்
சாய்ந்து சாய்ந்து நடந்தான்.
சுவரில் தோள் உரசும்.
பள்ளத்தில் விழுவான். எழும்புவான்.
நானூற்றுப் பன்னிரண்டு தரம் செத்தான் எண்டு
கணக்குக் கொப்பியின் பின்னட்டையில்
கோடு போட்டு வைத்திருந்தாள் புகழினி,
ஐந்தைந்தாய்க் கட்டி, விறகுக்கட்டு மாதிரி.

பதினொரு வருசம் கழித்து
அவனைப் படமாக்கியிருக்கிறார்கள்.
கார்ட்டூன் இல்லை, அனிமேஷன்
எண்டு ஜெனிற்றன் அழுத்திச் சொன்னான்.
இமை மயிரை ஒவ்வொன்றாய் வரைந்திருக்கு.
ஹெல்மெற் கண்ணாடியில் பூமி
புளியங்கொட்டை அளவில் மினுங்குது.

கடையை எட்டு மணிக்கே சாத்தினோம்.
போட்டோக்கொப்பி மெசினுக்கு மேல் லப்ரொப்.
துணுக்காயிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள் புகழினி,
காணிக் கந்தோரில் வேலை,
தன்ரை ஹெல்மெற்றைக் கழற்ற மறந்து
பாதிப்படம் பார்த்தாள்.

முதல் காட்சியிலேயே அவன் நேராக நடந்தான்.
ஆரடா இது எண்டாள்.

அதோடு அவனுக்குக் குரலும் இருந்தது.
எங்கடை ஆள் மூன்று வருசம் ஒரு சொல் கதைக்காதவன்,
மூச்சு மட்டும் விடுவான்
அதுவும் ஒக்சிசன் குறைஞ்சால்.
இவன் தங்கச்சியைப் பற்றிக் கதைக்கிறான்
கடமையைப் பற்றிக் கதைக்கிறான்
சாகக் கிடப்பவனின் தோளில் கைவைத்து
இந்தியத் தமிழில் நெடுநேரம் கதைக்கிறான்.

என் பெருவிரல்கள் முழங்காலில் அசைந்துகொண்டிருந்தன.
கல் உருள்கிறது, பாய் எண்டு அழுத்துகிறேன்,
பாயவில்லை.
பாய வேண்டாம் எண்டு எங்கோ ஒரு ஊரில்
ஆரோ ஒருவர்
இரண்டு வருசத்துக்கு முதலே வரைந்து முடித்துவிட்டார்.

பிள்ளைகள் வரிசையாய்ச் சுரங்கத்துக்குள் இறங்கும் காட்சி.
மேலே இரைச்சல்.
ஜெனிற்றன் எட்டிச் சத்தத்தைக் குறைத்தான்.
ஏன் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை.

பிறகு அந்தக் கதவு.
நாலாம் லெவலில், பச்சை விளக்கின் கீழ்.
வெடி வைத்துப் பார்த்த கதவு.
திறப்புத் தேடித் தேடி மூன்று கிரகம் அலைந்த கதவு.
தானாய்த் திறக்குமாக்கும் எண்டு
ஒரு நத்தார் இரவில் அதன் முன்னால் அவனை நிற்கவிட்டு
நாங்கள் கொத்து வாங்கப் போனோம்.
உள்ளே கப்பல் நிற்குது எண்டான் ஜெனிற்றன்.
தண்ணி எண்டேன் நான்.
உள்ளுக்கு ஒண்டுமில்லை,
சுவரிலை கதவைக் கீறி வைச்சிருக்கிறாங்கள்
எண்டாள் புகழினி.

படத்தில் ஒரே உதை.
திறந்துவிட்டது.
உள்ளே அவனுடைய அம்மாவின் படம், வயலின்,
பொன் நிறத்தில் வெளிச்சம்.

அப்போதுதான் ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்தாள்.
இதுக்கோ?

கடைசியில் அவன் ஒரேயொரு தரம் செத்தான்.
மிக மெதுவாக, பனி பொழிய.
இப்ப எழும்புவான் எண்டான் ஜெனிற்றன்.
பெயர்கள் ஓடின.
இன்னும் ஓடின.
கதவை வரைந்தவரின் பெயரும் அதற்குள் போயிருக்கும்.

தகரத்தில் மழை பிடித்தது.
போகோணும், நாளைக்கு அளவைக்காரர் வருகினம் எண்டாள்,
எழும்பவில்லை.
ரீலோட் கார்ட் லாச்சியின் அடியிலிருந்து
நாடா சுற்றிய அந்தக் கொன்ரோலரை எடுத்தான் ஜெனிற்றன்.
பழைய ரீவியில் குறுக்கே ஒரு கோடு.
சேமித்த கோப்பு: புகழ் மூன்று.

பச்சை விளக்கு.
மூடிய கதவு.
முன்னால் அவன், எங்களுக்கு முதுகு காட்டியபடி.

ஒருத்தரும் தொடவில்லை.
மெல்ல இடப்பக்கம் நகரத் தொடங்கினான்.
சுவரில் தோள் உரசும் சத்தம்.