ஈரத்தின் விளிம்பு

குலசேகரத்தில் வாடகை வீடு.
ஐப்பசி மழை தொடங்கி ஒன்பதாம் நாள்
வடக்குச் சுவர்
தரையிலிருந்து குடிக்க ஆரம்பித்தது.

ஈரம் நின்ற விளிம்பில் பென்சிலால் கோடிழுத்தேன்.
பக்கத்தில் தேதி, மணி.
மறுநாள் இன்னொரு கோடு.

நேராக ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.
சாந்து கட்டிதட்டிய ஓரிடத்தில்
ஆணியில் மாட்டிய சேலைபோல நின்றுவிட்டது.
இரு பக்கமும் முன்னே போய்
நின்றதை இழுத்தன.
நின்றது, போனவற்றைப் பிடித்து வைத்தது.
ஒரு புள்ளியும் தனியாக ஏற முடியாது,
தனியாக நிற்கவும்.

இதைக் கணக்குப் போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன்.
சமன்பாட்டில் மூன்று உறுப்புகள்:
தள்ளும் விசை, வளைவை நிமிர்த்தப் பார்க்கும் மீட்சி,
பிறகு,
கொத்தனார் அன்றைக்கு என்ன மனநிலையில்
சாந்து குழைத்தார் என்பது.
மூன்றாவதுக்கு ஒரு கிரேக்க எழுத்தைப் போட்டுக்
கடந்துவிடுவோம்.

நான்கு நாள் அசையவில்லை.
ஐந்தாம் நாள், கரண்ட் போன இரவில்,
பதினொன்றே முக்காலுக்கும் நாலரைக்கும் நடுவே
ஒரு சாண்.
பிளக் பாயிண்டுக்குள் நுழைந்திருந்தது.
அன்று தூறல்கூட இல்லை.

வாடகைக்கு வந்த நேசையன் சுவரைப் பார்த்தார்.
கையில் ரப்பர் ஷீட்டின் புகை வாசம்.
"பிள்ளைய கிறுக்கினதாக்கும்?"
எனக்குப் பிள்ளை இல்லை.
"ஈரம் கிறுக்கினது. நான் பார்த்தெழுதினேன்."

அவர் சிரிக்கவில்லை.
கடைசிக் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய்
அந்தக் கட்டியில் நின்றார்.
"இந்த இடம் மட்டும் நான் பூசினது.
அன்னைக்குத்தான் தம்பி
பத்மநாபபுரம் கோர்ட்டுல கேசு குடுத்தான்.
தெக்கு வேலி, முக்கால் சென்ட்."

பதினேழு வருட வாய்தா.
ரெண்டு வக்கீல் மாறியாச்சு, ஒரு நீதிபதி ஓய்வாகியாச்சு,
கல் ஒரு இஞ்சு நகரவில்லை.
"போன மாசம் காலையில வந்து நிக்கான்."
"என்ன சொன்னார்?"
"ஒண்ணும் சொல்லல்ல. காப்பி கேட்டான்."

அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது,
யாராவது பேசினார்களா,
யாருக்காவது காய்ச்சலா?
கேட்டேன். யோசித்துப் பார்த்தார்.
"ஒண்ணும் இல்ல டீச்சரே. சாதாரண செவ்வாக்கிழம."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளையடிப்பாராம்.
அதுவரை வரைந்துகொள்ளலாம்.

இன்று இரவு 11.40.
கோடு நேற்றைய கோட்டின்மேலேயே விழுந்தது,
கொஞ்சம் கறுப்பாக.