ஒன்பதரையாவது மாடி

திபிலீசியின் பழைய அடுக்குமாடிகளில்
லிஃப்ட் காசு கேட்கும்.
பத்து டெட்ரி போட்டால்தான் நகரும்.
அந்தப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு.
என் பையில் எப்போதும் சில்லறை குலுங்குவதால்
அப்பா பெரிய பணக்காரர் என்று
வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறாள் தெக்லே.

இன்று எனக்கு விடுமுறை.
"ஊரைச் சுற்றிக் காட்டு" என்றாள்,
நேற்றுதான் விமானத்தில் வந்திறங்கியவள் போல.
பிறந்து ஆறு வருஷமாக இங்கேதான் இருக்கிறாள்.
கழுத்தில் என் பழைய கேமரா.
அதில் பிலிம் கிடையாது;
க்ளிக் சத்தத்தை அவளே வாயால் போட்டுக்கொள்கிறாள்.

கண்ணாடிப் பாலத்தில் நின்று ஆற்றை எடுத்தாள். க்ளிக்.
மீன் பிடிக்காமல் தூண்டில் மட்டும் பிடித்திருந்த ஒருவரை. க்ளிக்.
சாய்ந்த மணிக்கூண்டின் முன்னால்
தன் தலையையும் சாய்த்துப் பார்த்து
"இப்ப நேராயிடுச்சு" என்றாள்.
பக்கத்தில் நின்ற வெளிநாட்டுத் தம்பதி
மொழி புரியாமலே
தலையைச் சாய்த்தார்கள்.

காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய் ஒன்று
எங்களோடு சாலையைக் கடந்தது.
கச்சாபூரியின் ஓரத்தைப் பிய்த்து அதற்குப் போட்டாள்,
பாலாடைக்கட்டி இருந்த நடுவைத் தனக்கு வைத்துக்கொண்டு.
நியாயமான பங்கீடு என்றே
நாய் வாலை ஆட்டியது.

ரோப் காரில் மலைக்குப் போனோம்.
உச்சியில் அந்த உயர்ந்த உலோகத் தாய்:
நண்பர்களுக்கு ஒரு கையில் மதுக் கிண்ணம்,
பகைவர்களுக்கு ஒரு கையில் வாள்.
எனக்குப் பள்ளியில் சொன்னதை
அப்படியே ஒப்பித்தேன்.

"சரி, பாப்பாவை எந்தக் கையில பிடிப்பா?"

முப்பத்தெட்டு வருஷமாக இந்தச் சிலையைப் பார்க்கிறேன்.
கிண்ணத்தைக் கீழே வைப்பாள் என்றேன். சிந்திடும்.
வாளை வைப்பாள். அப்ப பகைவன் வந்தா?
கந்தகக் குளியலறைகளின் வாடை மேலேறி வரும்வரை
வாதாடினோம்.
கடைசியில் முடிவானது:
கிண்ணத்தைப் பாப்பா பிடித்துக்கொள்ளும்.
"அப்பவும் சிந்துமே" என்றேன்.
"கொஞ்சம்" என்று விட்டுக்கொடுத்தாள்.

வீடு திரும்பலாம் என்றபோதுதான் கேட்டாள்,
"உன் லிஃப்ட் ஒண்ணுகூடக் காட்டலையே?"

ஆகவே கில்தானி. பதினாறு மாடி. மூன்றாம் வாசல்.
போன செவ்வாய் நானே சரிசெய்தது.
நுனிக்காலில் நின்று காசு போட்டாள்.
முனகிக்கொண்டே ஏறிய பெட்டி
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே
யோசிக்கத் தொடங்கியது.
பிறகு யோசிப்பதையும் நிறுத்தியது.

ஜும்பருக்குப் போன் செய்தேன்.
இரண்டு நிமிஷம் சிரித்துவிட்டு, வருகிறேன் என்றான்.

"இது எத்தனை கயிறுல தொங்குது?"
நாலு.
"ஒண்ணு அறுந்தா?"
மூணு இருக்கும்.
"மூணும் அறுந்தா?"
பிரேக் பிடிக்கும்.
"பிரேக்கை யார் போட்டது?"
நான்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

கதவின் இடுக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு
ஊர் தெரிந்தது:
படிக்கட்டு ஜன்னல், எதிர்க் கட்டடம்,
கொடியில் யாருடையதோ சிவப்புப் போர்வை,
அதைத் தட்டுகிற ஒரு கை மட்டும்.
க்ளிக் என்றாள்.
நகர்ந்து இடம் கொடுத்தாள்.
நானும் ஒன்று எடுத்தேன்,
வாயால்தான்.

ஜும்பர் கதவை நெம்பியதும்
முதலில் தெக்லே கைநீட்டினாள்:
"பாதி வழிதான் வந்தோம்.
அஞ்சு டெட்ரி திருப்பித் தாங்க."

இரவு, ஊரில் என்னவெல்லாம் பார்த்தாய் என்று
எத்தேரி கேட்டாள்.
பாலம் இல்லை, கூண்டு இல்லை, மலை இல்லை.
"ஒன்பதரையாவது மாடி" என்று சொல்லிவிட்டுத்
தூங்கிப்போனாள்,
கேமராவைக் கழற்றாமல்.

திங்களன்று கில்தானிக்குப் போய்
காசுப் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்து
ஐந்து டெட்ரி எடுத்துக்கொண்டேன்.

பதிவேட்டில் எழுதவில்லை.