சாண் ஏற, முழம் சறுக்க

ஞாயிறு இரவு எங்கள் வீட்டில்
முதலில் குளிப்பது சைக்கிள்தான்.
குழாயடியில் சாய்த்து வைத்து
பற்சக்கரத்தின் இடுக்கெல்லாம்
டூத்பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.
பல் மருத்துவரிடம் உதவியாளராய் இருப்பதில்
இந்த ஒரு லாபம்,
பிரஷ்ஷுக்குப் பஞ்சமில்லை.

ஜன்னல் வழியே கெத்தின் கேட்கிறான்:
"உன் முகத்துச் சேற்றை
எப்போது கழுவுவதாய் உத்தேசம்?"
அது காயட்டும், காய்ந்தால் தானே உதிரும்.
சங்கிலியில் ஈரம் நின்றால் துருப்பிடிக்கும்.
எனக்குத் துருப்பிடிக்க
இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

வேல்ஸின் வடக்கே, இந்த ஊரில்
மழை விடுப்பு எடுப்பதில்லை.
சிலேட்டுக்கல் வெட்டி முடித்து
ஆட்கள் கைவிட்டுப் போன மலை.
உடைசல் குவியல்கள் நனைந்தால்
புறாக்கழுத்தின் ஊதா.
அதன் முதுகில் ஓடுகிறது எங்கள் தடம்.
ஏற ஒரு மணி நேரம்,
இறங்க ஏழு நிமிடம்.
இது என்ன கணக்கு என்கிறாள்
வேலைநேரப் பட்டியல் போடும் நெஸ்டா.
சாண் ஏறினால் முழம் சறுக்குவது
ஊருக்கெல்லாம் புலம்பல்.
எனக்கு அதுதான் ஏற்பாடு.

மோட்டார் வைத்த வண்டியில்
எழுபது வயது ஹியூ என்னை முந்துகிறார்,
கையசைப்பு வேறு.
ஏமாற்று வேலை என்று
மூன்று வருடம் சொல்லித் திரிந்தேன்.
போன மாதம் ஒரு சுற்று ஓட்டக் கொடுத்தார்.
அதைப் பற்றி இப்போது
நான் பேசுவதில்லை.

பின்சக்கரத்தைப் பூட்டி
மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும் பையன்களே,
அதற்குப் பெயர் திறமை இல்லை, உழவு.
சனிக்கிழமை மண்வெட்டியோடு வாருங்கள்,
விதைத்துவிட்டும் போகலாம்.

ஆட்டுக்கார எமிர்
ஒன்பது வருடத்தில் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்:
"கதவைச் சாத்திவிட்டுப் போ."
பனிக்காலத்தில் ஒருநாள் டயர் கிழிந்து
இருட்டில் நடந்து வந்தவளை
நாய்க்கும் வைக்கோல் கட்டுக்கும் நடுவே ஏற்றிக்கொண்டார்.
வழியெல்லாம் மௌனம்.
வாசலில் இறக்கிவிட்டுத்தான் வாய் திறந்தார்:
"கதவைச் சாத்தினாயா?"

பாதி மலையில், ஸ்ப்ரூஸ் மரங்களுக்குக் கீழே
வேர்கள் பின்னிக் கிடக்கும் ஓர் இறக்கம்.
எத்தனை முறை போய் நின்றாலும்
இல்லை என்றே சொல்வதால்
அதற்கு வங்கி மேலாளர் என்று பெயர்.
நான்கு பனிக்காலம்
இறங்கி, உருட்டிக்கொண்டே கடந்திருக்கிறேன்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஆற்றைக் கடப்பவள் போல.

செவ்வாய் மாலை, தனியாக.
நெஸ்டா விடுப்பு மறுத்திருந்தாள்.
அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய பதிலை
மலை முழுக்க இழைத்துக்கொண்டு வந்தேன்.
சரியான சொல் வாயில் வந்து விழுந்தபோது
வேர்கள் எனக்குப் பின்னால் இருந்தன.
பிரேக்கை விரல் தொட்ட நினைவில்லை.
சாட்சிக்கு ஓர் ஆடு,
அதுவும் அசைபோட்டபடி
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
தெரிந்தே ஒருமுறை இறங்க வேண்டும் என்று
மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போனேன்.
இந்தத் தடவை வேரைப் பார்த்தேன்.
கண் போகும் இடத்துக்குத்தான் சக்கரமும் போகும்,
புதிதாய் வருகிறவர்களுக்கு
நானே சொல்லும் பாடம்.
முழங்கை, இடுப்பு, கொஞ்சம் மானம்.

புதன் காலை, நாற்காலியில் சாய்ந்தவர்
என் கையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்:
"யாரம்மா அடித்தது?"
மரம் என்கிறேன்.
நம்பவில்லை, பாவம்.
நெஸ்டாவும் நம்பவில்லை போலும்,
கேட்காமலே வெள்ளிக்கிழமை விடுப்பு தந்துவிட்டாள்.
இழைத்து வைத்த பதில் வீண்.

துளையிடும் சத்தம் தொடங்கியதும்
அவர் கைப்பிடியை இறுக்குகிறார்,
விரல் மொட்டெல்லாம் வெளுத்து.
எனக்குத் தெரியும் அந்தப் பிடி.
"தளர்த்துங்கள்" என்கிறேன்,
"ஊசியைப் பார்க்க வேண்டாம்,
ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்."
அவரோடு நானும் பார்க்கிறேன்.
மலையின் பாதியை மேகம் தின்றுவிட்டது.
மழை பிடித்துக்கொண்டது.
வங்கி மேலாளர் இன்று
யாரையும் உள்ளே விடமாட்டார்.