இன்று வேண்டாம்

பதினேழு குளிர்காலங்களை எண்ணி வைத்திருந்தார்
டெல்மர் ஃப்ளெட்.
கோடைகள் கணக்கில் இல்லை.
கோடை யாரைக் கொன்றது, என்பார்.

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
படிவத்தில் முகவரிக் கட்டம் வந்ததும்
கை பழக்கத்தில் ஒரு கோடு இழுத்தது.
கோட்டின் மேலேயே எழுதச் சொன்னேன்:
மூன்றாம் மாடி, 304.

விதிகளைப் படித்துக் காட்டினேன்.
குடித்தாலும் வீடு உங்களுடையது.
மாத்திரை மறந்தாலும் உங்களுடையது.
வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகை.
கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு,
"எதைச் செய்தால் வெளியே தள்ளுவீர்கள்?
அதை முதலில் சொல்" என்றார்.

முதல் வாரம் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.
ஒரு கடுகு பாட்டில்.
அதை ஒட்டி, வார் கட்டிய பூட்ஸ் ஒரு ஜோடி.
"அங்கே எவனும் தேட மாட்டான்."

ஒருநாள் ஹீட்டரின் மேல் கைவைத்தபடி கேட்டார்,
கார்னெட் பிப்ரவரியைத் தாண்டியிருந்தால்
அவனுக்கும் சாவி கிடைத்திருக்குமா என்று.
கார்னெட் பட்டியலில் பதினோராவது பெயர்.
அந்த வருடம் எங்களிடம் இருந்தது ஒன்பது அறைகள்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

செவ்வாய்தோறும் போவேன்.
மணி அடிக்கும் முன்பே கதவு திறந்திருக்கும்,
உள்ளே அவர் நின்றுகொண்டிருப்பார்
தோளில் பை, கழுத்துவரை ஜிப்,
பாலத்தடியில் டார்ச் வெளிச்சம் பட்டதும்
எழுந்து நிற்பவர் போல.

"திறக்காமலும் இருக்கலாம்" என்றேன்.
"போலீஸ் இல்லை, நீ வந்தால்?"
"நான் வந்தாலும்தான்."
சிரித்தார். நம்பிய சிரிப்பில்லை அது.

ஆறு செவ்வாய்கள் போயின.
ஏழாவதில் கதவு மூடியிருந்தது.
மணி அடித்தேன்.
உள்ளே ரேடியோவில் ஹாக்கி.
கெட்டில் கொதித்து அடங்கியது.
செருப்புச் சத்தம் மெல்ல வந்து நின்றது;
பூட்ஸ் சத்தமில்லை, செருப்பு.
கதவுக்கண்ணில் வெளிச்சம் மறைந்தது.
மூச்சு கேட்டது,
அல்லது என் மூச்சுதானோ.

"இன்று வேண்டாம்."

அவ்வளவுதான். செருப்பு திரும்பிப் போனது.
யாரோ கோல் போட்டார்கள்.

கையில் ஒரு டஜன் முட்டையும் ரொட்டியுமாக
நடையில் நின்றேன், எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.
எதிர் வீட்டு ஈவோன் தலையை நீட்டினாள்.
"என்ன, ஆள் இல்லையா?"

"இருக்கிறார்" என்றேன்.