பின்னால் யாருமில்லை

யார் உதைத்தது என்று
திரும்பிப் பார்த்தார் பெனடிக்ட்.
பின்னால் யாருமில்லை.
பச்சை வலை, அதற்கப்பால்
சி பிளாக்குக்குத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்த லாரி,
அவ்வளவுதான்.

கோலி சோடாவில் குண்டை உள்ளே தள்ளும்போது
ஒரு சத்தம் வருமே,
அது
அவர் குதிகாலுக்கு மேலிருந்து வந்தது.
எதிர்ப்பக்கம் நின்ற எனக்கே கேட்டது.
கோதண்டபாணி மட்டும் இன்னும் பந்தையே பார்த்துக்கொண்டு
"உள்ளேதான், கோட்டுமேலதான்" என்றார்.

ஒன்பது, ஏழு, இரண்டு.
பாயிண்ட் அங்கேயே நின்றது.

பெரும்பாக்கத்தில் விடிகாலை ஐந்தே முக்காலுக்குக்
காற்றே வியர்த்திருக்கும்.
கார் நிறுத்தும் தரையில் நீலப் பெயிண்ட் அடித்து
இரண்டு கோர்ட்டுக்குக் கோடு கிழித்து,
சங்கத்தில் சண்டைபோட்டு வாங்கிய இடம்.
ஏழு மணிக்கு வெயில் எடுத்துக்கொள்ளும்,
மிச்சத்தைப் பள்ளிக்கூட வேன்கள்.
ஒரு நிமிஷம் வீணாக்க மாட்டோம்.
லிப்ட் கதவு திறந்ததும் ஆட்டம்,
தூக்கம் கலையாத காலை
ஷூவுக்குள் திணித்துக்கொண்டு.

ஷூவா அது?
பெனடிக்ட் போட்டிருந்தது மெரினாவில் நடக்கிற ஷூ.
முன்னால் போகத் தெரியும் அதற்கு,
பக்கவாட்டில் போகத் தெரியாது,
சதுரங்கத்துச் சிப்பாய் மாதிரி.

ஓட்டை ஓட்டையாய் ஒரு பிளாஸ்டிக் பந்து,
பெருத்த தோசைக்கரண்டியாய் ஒரு மட்டை,
நாலெட்டில் முடிந்துபோகிற மைதானம்.
இதிலா அடிபடும்?

என் முழங்கையில் மூன்று மாதமாய் ஒரு தேள் இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
மேடவாக்கம் சிக்னலில் பச்சை விழும்,
ஸ்கூட்டர் கைப்பிடியைத் திருகுவேன்,
கொட்டும்.
மாப் துணி பிழிய இடது கையைப் பழக்கிக்கொண்டேன்.
வலி என்றால் நிறுத்தச் சொல்வார்களே என்று,
ஊர்க்கணக்கையெல்லாம் தணிக்கை செய்கிறவள்
என் கணக்கில் மட்டும் பொய்யெழுதினேன்.

பிசியோதெரபிஸ்ட் இழையினி பெனடிக்டிடம் சொன்னாள்:
"அந்த ஒரு பந்துல ஒண்ணும் போகல அங்கிள்.
தினம் கொஞ்சம் கொஞ்சமா போனது
அன்னிக்கு முடிஞ்சுது."
பிறகு என் பக்கம் திரும்பி
"கை குடுங்க" என்றாள்.
கொடுத்தேன்.
"மட்டையையும் இப்படித்தான் பிடிக்கிறீங்களா?
பஸ் கம்பியா அது?
முருங்கைக்கீரை உருவுவீங்கல்ல,
அந்தப் பிடி போதும்."

இப்போதெல்லாம் முதல் பத்து நிமிஷம்
பந்து பையிலேயே கிடக்கிறது.
வலையோரமாய் நண்டுபோல்
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறோம்.
படி விளிம்பில் குதிகாலைத் தொங்கவிட்டு
மெதுவாய் இறக்குகிறோம்,
இன்னும் மெதுவாய்.
ஹோஸைச் சுருட்டியபடி லாரிக்காரர் சிரிக்கிறார்.
எண்ணுவது நஸ்ரின்.
பன்னிரண்டுக்கு அப்புறம் பதினான்கு சொல்வாள்,
யாரும் திருத்துவதில்லை.

சட்டம் இரண்டே.
பக்கத்துக் கோர்ட் பந்து உருண்டு வந்தால்
"பந்து!" என்று கத்த வேண்டும்,
ஜெயிக்கிறவனும் நிற்க வேண்டும்.
தலைக்கு மேல் போகிற பந்துக்குப்
பின்பக்கமாய் ஓடக் கூடாது.
உடம்பைத் திருப்பு, பிறகு ஓடு.
முடியாவிட்டால் விடு.
அந்தக் கடைசி வரிக்கு மட்டும்
கோதண்டபாணி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பத்து மாதம் கழித்து
மார்ச்சில் வந்தார் பெனடிக்ட்.
புது ஷூ.
ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட ஒல்லி.
நண்டு நடந்தார், படியில் தொங்கினார்,
பதினான்கு வரை எண்ணவிட்டார்.
"ஒன்பது, ஏழு, இரண்டு"
என்று தானே சொல்லி சர்வ் போட்டார்.

நாலாவது அடி
கோதண்டபாணியின் மட்டையிலிருந்து எழும்பி
வேப்பமரத்து உயரம் ஏறி
அவர் தலையைத் தாண்டியது.
நாங்கள் யாரும் பந்தைப் பார்க்கவில்லை,
அவர் காலைப் பார்த்தோம்.
கால் அரையடி பின்னால் போனது.
நின்றது.

பந்து விழுந்து
இரண்டு தரம் குதித்து
லாரிப் பக்கம் உருண்டது.
திரும்பிப் பார்த்தார்.

"உள்ளேதான்" என்றார்.