கம்பிகளுக்கு நடுவே தண்ணீர்

லேவார்டன் நகரத்தில், செவ்வாய்க்கிழமை இரவுகளில்,
மூடிப்போன பால்கடையின் மாடியில்
ஆறு பேர் கூடுவோம், படம் வரைய.
ஆசிரியர் கிடையாது.
ஆளுக்கொரு ரப்பர் உண்டு,
அதற்குத்தான் வேலை அதிகம்.

மூன்று வாரமாக
என் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
சக்கரம் வட்டம் என்று எனக்குத் தெரியும்,
அதனால் வட்டமாகவே வந்தது.
எதிரில் நின்றதோ
பக்கவாட்டில் ஒடுங்கிய முட்டை.
ஹேண்டில்பாருக்கு இரண்டு கை என்று தெரியும்,
ஒன்று மறைந்திருந்தாலும்
இரண்டையும் இழுத்துக் காட்டினேன்.
தாளில் நின்றது
அப்போதுதான் பிறந்து கால் ஊன்றத் தெரியாத
ஓர் ஆட்டுக்குட்டி.

யில்டௌ பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
பிஸ்கட் மென்றபடி எட்டிப் பார்த்தாள்.
"பல்லைப் பார்க்காதே, வீட்ஸ்கெ,
பல்லிடுக்கைப் பார்.
பல் எல்லாருக்கும் பல்தான்.
இடுக்குதான் ஆளுக்கு ஆள் வேறு."
சொல்லிவிட்டு
தன் தாளில் இருந்த அசிங்கமான ஜாடிக்குத் திரும்பினாள்.

மறுநாள் கால்வாய்க் கைப்பிடியில் வண்டியைச் சாய்த்து
எதிரே தரையில் உட்கார்ந்தேன்.
வண்டியை வரையவில்லை. சத்தியமாக இல்லை.
சட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீரை வரைந்தேன்,
ஓரம் கடித்த பாலாடைக்கட்டித் துண்டு மாதிரி.
சீட்டுக்கும் கேரியருக்கும் இடையில்
வாத்தின் அலகுபோல் கொஞ்சம் செங்கல் சுவர்.
பெடலுக்குக் கீழே
எதைப் போலவும் இல்லாத ஒன்று.
எல்லாம் பெயரில்லாத துண்டுகள்.
பெயர் இல்லாததால்
மூளை குறுக்கே பேசவில்லை.
ஆரக்கம்பிகளுக்கு நடுவே
கீற்றுக் கீற்றாகக் கால்வாய்.
விரல்நுனி கறுத்து நிமிர்ந்தபோது
கரி படாத இடத்தில்
கூப்பிடாமல் வந்த விருந்தாளிபோல் நின்றிருந்தது
என் வண்டி,
மணி உட்பட.

நவம்பரில் அது திருட்டுப்போனது.
கைப்பிடியில் சங்கிலி மட்டும்
எதையும் கட்டாமல், பத்திரமாகப் பூட்டியபடி.

காவல் நிலையத்தில் ஹெட்சர் என்பவர்
படிவத்தை விரித்தார்.
புகைப்படம்? இல்லை.
சட்ட எண்? தெரியாது.
தாளை நீட்டினேன்.
"என்ன நிறம்?"
"வண்டியை நான் வரையவில்லை.
அது தாளின் நிறம்."
பேனா அந்தரத்தில் நின்றது.
பிறகு அவர் தாளை விளக்கடியில் பிடித்து
சுண்டுவிரலால் எண்ணத் தொடங்கினார்,
உதடு அசைய, ஒரு கீற்றையும் விடாமல்.
"பின்சக்கரத்தில் ஒரு கம்பி இல்லையே?"

பார்த்தேன்.
ஒரு கீற்று மட்டும்
மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அகலம்.
எத்தனை மாதம் அப்படியே மிதித்தேனோ.
எனக்குத் தெரியாது,
கைக்குத் தெரிந்திருக்கிறது.
'அங்க அடையாளம்' என்ற கட்டத்தில்
அவர் எழுதினார்:
இல்லாத கம்பி, ஒன்று.

மார்ச்சில் கால்வாயைத் தூர்வாரினார்கள்.
பதினொரு சைக்கிள்கள் கரையேறின,
பாசியும் நத்தையும் ஒழுக ஒழுக,
எல்லாம் ஒரே நிறம்.
ஹெட்சர் கூப்பிட்டு அனுப்பினார்.
குனிந்து, சக்கரம் சக்கரமாக
வண்டியை விட்டு வெளிச்சத்தைத் தேடினேன்.
கம்பி போனவை நான்கு இருந்தன.
அவை வேறு இல்லாமைகள்.
"உங்களுடையது?"
"இல்லை."
தலையாட்டினார், காரில் ஏறினார்.

நான் போகவில்லை.
கோட்டுப் பையில் கரித்துண்டு இருந்தது,
பின்பக்கம் காலியாக அந்தப் பழைய தாளும்.
ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்த குவியலில்
எந்தக் கை எந்த வண்டியுடையது?
தெரியவில்லை,
தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.
வலது மூலையில், இரு சக்கரங்கள் உரசிய இடத்தில்
நகம் அளவு ஒரு முக்கோணம்,
உள்ளே வானம்.
அதில் தொடங்கினேன்.

தூறல் போட்டது.
சொட்டுகள் விழுந்து ஈரமான இடங்களை
கரி சுற்றிக்கொண்டு போனது.